சிங்கத்துக்கும் நமக்கும் ஒரே காய்ச்சல்: தொற்றுநோய் மாடலிங் ஆய்வாளராக, சென்னையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2021 ஜூன் 3 அன்று வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. மற்ற சிங்கங்களும் இருமிக்கொண்டிருந்தன. அவற்றின் சளியைச் சோதித்ததில் கொரோனா உறுதியானது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் போய்விட்டது. வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்தபோது அது டெல்டா வகை. அந்த வேளையில் சென்னை மருத்துவமனைகளை நிறைத்துக்கொண்டிருந்ததும் அதேதான்.

பூங்கா பார்வையாளர்களுக்கு மூடியிருந்த நேரம் அது. விலங்கிடமிருந்து மனிதருக்கு நோய் வரும் என்று கேட்டே பழகிய நமக்கு, நம்மிடமிருந்து அவற்றுக்குப் போயிருக்கக்கூடும் என்ற எண்ணம் உறைத்தது அன்றுதான். எனக்கு உடனே தோன்றியவை கேள்விகள். ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்கு எப்படிப் போயிற்று? பராமரிப்பவர்களுக்கு மட்டும் தடுப்பூசி போட்டால் போதுமா? பத்துப் பதினைந்து விலங்குகளே இருக்கும் இடத்தில் நோய் தானாக அணைந்துபோக எவ்வளவு வாய்ப்பு?

இப்படிப்பட்ட கேள்விகளைக் கணக்காக மாற்றி விடை தேடுவதுதான் தொற்றுநோய் மாடலிங். இதையே ஆய்வுத் தொழிலாகக் கொள்ள முடியும். சென்னையில் கணிதமோ விலங்கியலோ கால்நடை மருத்துவமோ பொறியியலோ படித்துக்கொண்டு, இதற்குள் எப்படி வருவது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கணிதத்திலிருந்து வந்தவள். வழியில் கற்றதையெல்லாம் முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிவிடலாம். தமிழில் மாடலும் 'மாதிரி', ஆய்வகத்துக்கு அனுப்பும் சாம்பிளும் 'மாதிரி'. இந்தத் துறையில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். அதனால் கணக்குக்கு 'மாடல்' என்றே எழுதப் போகிறேன்.

படி 1: ஒரே ஒரு நோயைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பலரும் பாடப்புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் நோயிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு நோய், ஒரு விலங்கு, ஓர் இடம். ஓர் ஆண்டு அதோடு இருங்கள்.

இதற்குச் சென்னையைப் போல் வாய்ப்பான ஊர் குறைவு. 1964ல் சிக்குன்குனியா இங்கே பெரும் அலையாக வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல் இங்கேதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். ஓ139 என்ற புதிய வகைக் காலரா 1992ல் முதலில் தலைகாட்டிய ஊர்களில் சென்னையும் ஒன்று. காசநோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம், சானடோரியம் தேவையில்லை என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு 1956ல் தொடங்கியதும் இந்த நகரத்தில்தான். இவை தவிர மழை முடிந்ததும் வரும் எலிக்காய்ச்சல், டெங்கு, தெருநாயும் வெறிநோயும் (ரேபிஸ்), கிண்டிப் பூங்காவின் புள்ளிமான்கள், பள்ளிக்கரணைக்கு வலசை வரும் பறவைகள்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் வெறிநோயை எடுங்கள். நாயும் மனிதரும் இரண்டுமே அதில் உண்டு. நீங்கள் தினமும் நடக்கும் தெருவிலேயே அதைப் பார்க்கலாம்.

படி 2: காகிதத்தில் ஒரு மாடல்

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர் போதும்.

ஆயிரம் பேர் தங்கும் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும் மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்: இன்னும் தொற்றாதவர்கள், இப்போது நோயோடு இருப்பவர்கள், குணமாகி எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள். இதைத்தான் எஸ்.ஐ.ஆர். மாடல் என்கிறார்கள். நோயுள்ள ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 0.4 பேருக்குப் பரப்புகிறார், 5 நாளில் குணமாகிறார் என்று வைத்துக்கொண்டால், தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து 2 பேருக்குப் போகிறது. இந்த 2 என்ற எண்ணுக்கு ஆர்-நாட் என்று பெயர்.

பாதிப் பேர், அதாவது 500 பேர், தொற்றை ஒருமுறை சந்தித்துவிட்டால் அலை உச்சத்தைத் தாண்டிவிடும். ஆனால் நோய் அங்கே நிற்காது. நாள்வாரியாகப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 800 பேருக்குத் தொற்றிய பிறகே அடங்கும். உச்சத்தில் நிறையப் பேர் நோயோடு இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக இன்னும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் காரணம். 500க்கும் 800க்கும் நடுவே உள்ள அந்த 300 பேரைப் பற்றிப் பேசத் தெரிந்துவிட்டால், 'பாதிப் பேருக்கு வந்துவிட்டதே, இனிப் பயமில்லை' என்று சொல்பவருக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

அடுத்து அதே கணக்கில் தற்செயலைச் சேருங்கள். ஒருவர் எத்தனை நாள் நோயோடு இருப்பார், எத்தனை பேரைச் சந்திப்பார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஆர்-நாட் 2 ஆக இருந்தும், ஒரே நோயாளியோடு தொடங்கினால் ஏறக்குறைய பாதித் தடவை நோய் பரவாமலே அணைந்துவிடுவதைப் பார்ப்பீர்கள். சிங்கக் கூண்டுகளில் சராசரியை நம்ப முடியாது என்பது இதனால்தான்.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நடந்த தொடர்புத் தடமறிதலை வைத்து 2020ல் ரமணன் லக்ஷ்மிநாராயணும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொடர்புகளைத் தேடிப் பிடித்த நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து யாருக்குமே தொற்றியதாகத் தெரியவில்லை. சிலரிடமிருந்து பலருக்குப் போயிருந்தது. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை நோய் போனது நினைவிருக்கும். அதே நாட்களில் எத்தனையோ வீடுகளில் ஒருவருக்கு வந்து அவரோடு முடிந்துபோனது. சராசரி என்ற ஒற்றை எண் இந்த இரண்டையும் மறைத்துவிடும்.

இந்தக் கணிதத்தின் பிறப்பிலேயே நம் மண் இருக்கிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897ல் செகந்திராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸ், தம் மருத்துவப் பணியைச் சென்னை மாகாணத்தில் தொடங்கியவர். கொசுவை முழுக்க ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் மலேரியா தானே தேயும் என்று அவர் பிற்பாடு சமன்பாடு எழுதிக் காட்டினார். அவர் ஊக்குவித்த மெக்கென்ட்ரிக் என்ற மருத்துவர், கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். அவரும் கெர்மக் என்ற வேதியியலாளரும் சேர்ந்து 1927ல் எழுதிய கட்டுரைதான் எஸ்.ஐ.ஆர். மாடலின் வேர். அதில் ஒரே ஒரு நிஜத் தரவுப் படம் உண்டு: 1905–06ல் பம்பாயில் பிளேக்கால் இறந்தவர்களின் எண்ணிக்கை. வளைவு புள்ளிகளின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கும்.

பிளேக் எலியின் நோய். தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது. அந்தச் சமன்பாட்டில் எலியும் இல்லை, தெள்ளுப்பூச்சியும் இல்லை. மனிதரின் பிளேக் எலியின் பிளேக்கைப் பிரதிபலிக்கிறது என்று வைத்துக்கொள்வதாக ஆசிரியர்களே எழுதி வைத்தார்கள். வளைவு பொருந்துகிறது என்பதற்காக, நோய் அப்படித்தான் பரவியது என்று சொல்லிவிட முடியாது. என் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

படி 3: தரவு எங்கே பிறக்கிறது என்று போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் இதுவே முக்கியமானது.

ஆய்வு தொடங்கிய முதல் ஆண்டில் எனக்கு நாய்க்கடிப் பதிவுகள் கிடைத்தன. ஒரு மருத்துவமனையின் பல மாதக் கணக்கு. அதை வைத்து நான்கு மாதம் மாடல் கட்டினேன். கடி ஏறுவதும் இறங்குவதும் ஓர் ஒழுங்கில் இருந்தன. எனக்கு ஒரே பூரிப்பு. அப்புறம் ஒருநாள் நேரில் போய் ஊசி போடும் அறையில் உட்கார்ந்தேன். அங்கே இருந்த சிஸ்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "அம்மா, இதுல மூணாவது ஊசி, நாலாவது ஊசிக்கு வந்தவங்க பேரும் சேர்ந்துதான் இருக்கும். எவ்வளவு மருந்து செலவாச்சுன்னு பார்க்கத்தான் இந்த நோட்டு" என்றார். கடிபட்டவர் முதல் நாள், அடுத்து 3, 7, 28ஆம் நாட்களில் ஊசிக்கு வருவார். ஒரு கடி நான்கு வரியாகி இருந்தது. நான் கண்ட ஒழுங்கு ஊசி அட்டவணையின் ஒழுங்கு. அந்த நோட்டில் தப்பு எதுவும் இல்லை. அது எதற்காக எழுதப்பட்டதோ அந்த வேலையைச் சரியாகச் செய்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டது நான்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தத் தரவு கையில் வந்தாலும் அதை எழுதியவரைத் தேடிப்போய் மூன்று கேள்வி கேட்பேன். இதை யார், எதற்காக எழுதுகிறார்கள்? ஒரு வரி என்பது ஒரு ஆளா, ஒரு வருகையா? எழுதாமல் விட்டுப்போவது யார்?

நாய்களை எண்ணுவதையும் ஒருமுறையாவது செய்து பாருங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு வார்டின் தெருக்களை நடந்து, கண்ணில் படும் நாய்களைப் படம் எடுத்தோ சாயம் தொட்டோ அடையாளம் வையுங்கள். 40 நாய் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அதே நேரம், அதே தெருக்கள். இப்போது 50 நாய் தெரிகிறது, அதில் 20 நேற்று அடையாளம் வைத்தவை. பார்த்தவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு ஏற்கெனவே அடையாளம் பெற்றவை என்றால், 40 என்பது மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு; ஆக மொத்தம் சுமார் 100. புலியை எண்ணவும் அடிப்படையில் இதே யோசனைதான். வியாசர்பாடியில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது டீக்கடை அண்ணன் ஒருவர், "மீன் வண்டி வர்ற நாள்ல பாருங்க, பக்கத்துத் தெரு நாயெல்லாம் இங்கதான் நிக்கும்" என்றார். இரண்டு நாளும் ஒரே நாய்க்கூட்டம் என்ற எங்கள் அனுமானம் அந்த ஒரு வரியில் ஆடிப்போனது. எண்ணும் நாட்களை மாற்றினோம்.

இப்போது இந்தத் தரவை மாடலோடு சேர்ப்போம். வெறிநோயின் ஆர்-நாட் நாய்களில் பொதுவாக 1க்கும் 2க்கும் இடையில்தான். 1.5 என்று எடுத்தால், நோய் பரவாமலிருக்க மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால் போதும் என்று கணக்கு சொல்லும். பிறகு ஏன் எல்லாரும் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள்?

தெருநாயின் வாழ்க்கைதான் காரணம். ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஆண்டுக்கு நூறில் 40 நாய் இறந்து, அந்த இடத்துக்கு ஊசி போடாத குட்டிகள் வருகின்றன என்று கொள்ளுங்கள். இன்று 70 சதவீதம் என்றால் ஓராண்டு கழித்து 42. ஊசியின் பலன் சராசரியாக மூன்று ஆண்டு நிற்கிறது என்று வைத்தால் இன்னும் குறைந்து 30க்கு வரும். நமக்குத் தேவை 33. அடுத்த ஊசி முகாம் வரும்வரை தாக்குப்பிடிக்க இது ஏறக்குறைய போதும். அதுவே 50 சதவீதத்தில் தொடங்கினால் ஆண்டு முடிவில் 22க்கும் கீழே போய்விடும். 2024ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று வந்தது. அதில் 70 சதவீதம் என்றால் 1.26 லட்சம் நாய்களை ஆண்டுதோறும் பிடித்து ஊசி போட வேண்டும். எத்தனை குழு, எத்தனை வண்டி, எத்தனை நாள் என்ற கேள்விக்கு மாடல் இப்போது வந்து நிற்கிறது. மாநகராட்சிக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான்.

தரவு எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு இன்னொன்று. இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 பேர் வெறிநோயால் இறக்கிறார்கள் என்று நெடுநாள் சொல்லிவந்தோம். அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2022–23ல் பல மாநிலங்களில் வீடுவீடாகக் கேட்டு, அந்த விடைகளை ஒரு மாடலில் இட்டு மதிப்பிட்டபோது ஆண்டுக்குச் சுமார் 5,700 என்று வந்தது. முந்தைய மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 5,700 பேரும் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம், மொழி. ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் பேசும்போது அவர்கள் சொல்லிலேயே கேளுங்கள். ஆந்த்ராக்ஸ் அவர்களுக்கு அடைப்பான். கால் வாய் நோய் கோமாரி. ரிண்டர்பெஸ்ட் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வெக்கை என்று கேட்டால் வயதான ஒருவர் எந்த ஆண்டு எத்தனை மாடு போனது என்று சொல்லிவிடுவார். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல், ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி. தமிழ் தெரிந்த ஆய்வாளருக்கு இங்கே கிடைக்கும் தரவு வேறு யாருக்கும் கிடைக்காது.

படி 4: காடு வேறு கணக்கு கேட்கும்

மனித நோயில் பழகிய கையோடு காட்டு விலங்குக்குப் போனால் மூன்று இடங்களில் தடுக்கும்.

ஒன்று, எத்தனை விலங்கு இருக்கிறது என்பதே தெரியாது. இறந்த விலங்கும் கண்ணில் படாது. 2018ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்து, அவற்றில் நாய்களுக்கு வரும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது தெரியவந்தது. சிங்கம் என்பதால் எண்ண முடிந்தது. அதே நோயில் எத்தனை நரி செத்தது என்று யார் எண்ணியிருப்பார்கள்?

இரண்டு, பல உயிரினங்கள் ஒன்றாகச் சிக்கியிருக்கும். கியாசனூர்க் காட்டு நோயைப் பாருங்கள். 1957ல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் அறியப்பட்டது; பின்னர் நீலகிரிப் பக்கமும் தென்பட்டது. உண்ணி பரப்புகிறது. காட்டுச் சிறுவிலங்குகளிடம் சத்தமில்லாமல் சுற்றும் வைரஸ், சாம்பல் மந்தியிலும் குரங்கிலும் ஏறும்போது அவை செத்து விழுகின்றன. செத்த குரங்கைவிட்டு உண்ணிகள் இறங்கிச் சுற்றிலும் பரவும். விறகுக்கும் வேலைக்கும் அந்த வழியே போகும் மனிதர் மாட்டிக்கொள்கிறார். இதில் குரங்குச் சாவுதான் முன்னெச்சரிக்கை மணி. மாடலில் எல்லா உயிரினத்தையும் போட்டால் அளவிடவே முடியாத எண்கள் குவிந்துவிடும். எதை விடுவது என்று தீர்மானிக்க, வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு சில நாளாவது காட்டில் நடந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கூட்டம் பெருகினால் தொடர்பும் பெருகுமா என்ற கேள்வி. ஒரே மரத்தில் அடையும் பறவைகளுக்கு ஆமாம் என்று சொல்லலாம். வெறிபிடித்த நாய்க்கு அப்படியில்லை. தெருவில் பத்து நாய் இருந்தாலும் முப்பது இருந்தாலும் அது கடித்து முடிப்பது சிலவற்றைத்தான். அதனால் நாய்களைக் கொன்று எண்ணிக்கையைக் குறைத்தால் வெறிநோய் ஒழியும் என்ற கணக்கு நிற்பதில்லை. சென்னையில் நாய்களைப் பிடித்துக் கொல்வது பல்லாண்டு நடந்தது. 1996ல்தான் அது கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் என்ற வழிக்கு மாநகராட்சி வந்தது. இங்கிலாந்தில் மாட்டுக் காசநோயைக் குறைக்க பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கைக் கொன்று பார்த்தார்கள், 1998 முதல் 2005 வரை, முறையான பரிசோதனையாகவே. கொன்ற பகுதிக்குள் மாட்டு நோய் குறைந்தது. சுற்றியுள்ள நிலங்களில் கூடியது. குடும்பம் கலைந்த விலங்குகள் தூரம் போய் அலைந்ததே காரணம் என்று விளக்கினார்கள். கேரளத்தில் 2018ல் நிபா வந்தபோது பழந்தின்னி வௌவால்களை விரட்டவும் மரங்களை வெட்டவும் எழுந்த குரல்களைக் கேட்டபோது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

படி 5: உங்கள் படிப்பில் எதைச் சேர்க்க வேண்டும்

கணிதம், இயற்பியல், பொறியியலிலிருந்து வருபவர்களுக்கு வகைக்கெழுச் சமன்பாடு இருக்கும்; நிகழ்தகவும் புள்ளியியலும் பெரும்பாலும் குறையும். தரவிலிருந்து எண்களை மதிப்பிடுவது, அந்த மதிப்பீட்டில் எவ்வளவு நிச்சயமின்மை என்று சொல்வது, இவைதான் அன்றாட வேலை. முன்பே தெரிந்ததையும் புதுத் தரவையும் சேர்த்து மதிப்பிடும் பேயசியன் முறையை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே நோயெதிர்ப்பு, சூழலியல் பற்றி ஒரு பாடமாவது எடுங்கள்.

விலங்கியல், கால்நடை மருத்துவம், மருத்துவம் படித்தவர்கள் கணக்கைக் கண்டு ஒதுங்க வேண்டாம். பிளஸ் டூ கால்குலஸைத் தூசு தட்டி, தினம் ஒரு மணி நேரம் என்று ஓர் ஆண்டு உழைத்தால் போதும். நோயைத் தொட்டுப் பார்த்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது. அதை யாரும் ஓராண்டில் கற்றுவிட முடியாது.

நிரல் எழுத ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழி, இரண்டில் ஒன்று போதும். எழுதியதை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

படி 6: எங்கே படிப்பது

தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணினிசார் உயிரியல் குழு இருக்கிறது. கொரோனாக் காலத்தில், ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்குப் பரவுகிறது என்ற ஆர் எண்ணைத் தொடர்ந்து மதிப்பிட்டு வெளியிட்ட சிதாப்ர சின்ஹா அங்கேதான் பணிபுரிகிறார். ஐ.ஐ.டி. மெட்ராஸ், சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம், சேப்பாக்கத்தில் ராமானுஜன் உயர்கணித நிறுவனம் ஆகியவை கணிதப் பக்கம். நோய்ப் பக்கத்துக்கு அயப்பாக்கத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேத்துப்பட்டின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும். அயப்பாக்கத்தில் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் உண்டு. விலங்குக்கு 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. அதைத் தன்னுள் கொண்ட கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமை மாதவரத்தில். வண்டலூரில் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம். எல்லாமே ஒரு நாளில் பஸ்ஸிலும் மின்ரயிலிலும் போய் வரக்கூடிய தூரம். இப்படி அமைந்த நகரம் அரிது. ஆனால் இந்த மூன்று பக்கத்தாரும் ஒருவரையொருவர் சந்திப்பது குறைவு. நடுவில் பாலமாக நிற்கும் மாணவருக்கு இங்கே இடம் காலியாக இருக்கிறது.

சற்று வெளியே போனால் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். யானைக்கால் நோய்க்கான லிம்ஃபாசிம் என்ற மாடல், நெதர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, புதுச்சேரித் தரவை வைத்து உருவானது. வேலூர் சி.எம்.சி.யில் வலுவான உயிர்ப்புள்ளியியல் துறை இருக்கிறது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்.சி.பி.எஸ்.) வன உயிரியல் முதுகலைப் படிப்பு உண்டு.

நுழைவுத் தேர்வுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், இயற்பியலுக்கு ஜெஸ்ட் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுபவை. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள். 2023 முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை உதவித்தொகை (எஸ்.ஆர்.எஃப்.) 42,000, இதோடு வீட்டு வாடகைப் படி. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. இந்த எண்களை வீட்டில் சொல்லி, ஐந்து ஆறு ஆண்டு ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 7: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டி முக்கியம். அவருடைய கடைசி மூன்று கட்டுரைகளைப் படியுங்கள். அவருடைய மாணவர்கள் இரண்டு பேரோடு தனியாகப் பேசுங்கள்: எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார், களத்துக்கு அனுப்புவாரா, தப்பு செய்தால் எப்படி நடந்துகொள்வார்?

மின்னஞ்சல் எழுதும்போது நீளமான தன்விவரம் வேண்டாம். நீங்கள் செய்த ஒரு சின்ன வேலையைக் காட்டுங்கள். 'என் தெருவின் நாய்களை இரண்டு முறை எண்ணினேன், இந்த மதிப்பீடு வந்தது, இந்த அனுமானம் சரியில்லை என்று நினைக்கிறேன், உங்கள் கட்டுரையில் இதை எப்படிக் கையாண்டீர்கள் என்று புரியவில்லை' என்று ஒரு மாணவி எனக்கு எழுதினாள். அன்றைக்கே பதில் போட்டேன்.

வெளிநாடு போக விரும்பினால் பென் ஸ்டேட், ஜார்ஜியா, பிரின்ஸ்டன், லண்டன் இம்பீரியல், கிளாஸ்கோ ஆகியவற்றில் வனவிலங்கு நோயையும் மனித நோயையும் மாடல் செய்யும் வலுவான குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு நிதியோடு இடம் தருவது வழக்கம்; உங்கள் கையிலிருந்து கட்டணம் கேட்கும் இடத்தைப் பற்றி இருமுறை யோசியுங்கள்.

படி 8: பிஎச்.டி. ஆண்டுகள்

வனவிலங்கைத் தொட்டு ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. மனிதத் தரவு என்றால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். வெளிநாட்டுக் கூட்டு என்றால் இன்னொரு குழு. ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் இழுக்கும். முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் ஏற்கெனவே வெளியான தரவில் ஓர் அத்தியாயத்தை முடியுங்கள். அனுமதியை மட்டும் நம்பித் திட்டம் போட்டவர்கள் மூன்றாம் ஆண்டில் படும் வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கட்டுரையில் பெயர் போடும் நேரம் வரும்போது, களத்தில் நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். தரவைத் திருத்திக் கொடுத்த கால்நடை மருத்துவர் இணை ஆசிரியர்தான். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, தரவு கொடுத்த வார்டு அலுவலகத்துக்கும் வனச்சரகத்துக்கும் திருப்பிக் கொடுங்கள். நான் கொடுத்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு கால்நடை உதவி மருத்துவர், "மேடம், ஊசியோட பலன் மூணு வருஷம்னு போட்டிருக்கீங்க, எலும்பும் தோலுமா இருக்கிற தெருநாய்க்கு அது சரி வருமா?" என்று கேட்டார். என் அடுத்த கட்டுரை அந்தக் கேள்விதான்.

படி 9: அதற்குப் பிறகு

பிஎச்.டி. முடித்ததும் இரண்டு முதல் ஐந்து ஆண்டு போஸ்ட்-டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி. பிறகு ஆசிரியப் பணிக்கு முயற்சி. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இந்தியாவுக்குத் திரும்ப விரும்புபவர்களுக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இன்ஸ்பயர் ஃபேக்கல்டி, இந்தியா அலையன்ஸ் போன்ற வழிகள் உண்டு. வயது, ஆண்டு வரம்புகளைக் கவனியுங்கள். குழந்தை பிறந்த ஆண்டுகளில் நான் இரண்டு விண்ணப்பங்களைத் தவறவிட்டேன். பெண்களுக்குத் தளர்வு தரும் திட்டங்கள் இருக்கின்றன என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்: ஒவ்வோர் அறிவிப்பிலும் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

பேராசிரியர் வேலை மட்டுமே முடிவு என்று நினைக்க வேண்டாம். பொதுச் சுகாதாரத் துறை, தடுப்பூசித் திட்டங்கள், வனத்துறையோடு இயங்கும் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் மாடல் தெரிந்த ஆட்கள் தேவை.

சரி, எங்கே தொடங்குவது? வரும் சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, உங்கள் தெருவையும் அடுத்த மூன்று தெருக்களையும் நடந்து நாய்களைப் படம் எடுங்கள். காது நுனி வெட்டியிருந்தால் கருத்தடை ஆன நாய், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அதே நேரம் இன்னொரு முறை. மொத்தம் எத்தனை என்று கணக்குப் போட்ட பிறகு, அந்தத் தெருவில் நெடுநாள் கடை வைத்திருப்பவரிடம் எண்ணைச் சொல்லிப் பாருங்கள். அவர் இல்லை என்று தலையாட்டினால், ஏன் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.